ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் போதுமா? இருக்கிற சாமானோடு நிறைவாக இருப்பது பற்றி

கல்லுரல் | 14-09-2025, காலை 7:10

அக்டோபர் 1 ஆயுத பூஜை. அதற்கு முன்னாலேயே, செப்டம்பர் 22 முதல், ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது. கடைகள் எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்தாகிவிட்டது. மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் வரி ஏற்கெனவே 18தான், அதில் ஒரு பைசா குறையாது. ஆனாலும் நோட்டீஸில் அவையும் சேர்ந்தே நிற்கும்.

என் கட்சி இதுதான். ‘இருப்பது போதும்’ என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாலும், நோட்டுப் புத்தகத்தில் தினமும் நன்றி எழுதினாலும் மனசு கேட்காது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் கேட்கும். வீட்டுச் சாமானுக்கு நன்றி சொல்லவே நமக்கு வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. அதைச் சந்தனப் பொட்டு வைக்கிற நாளாகச் சுருக்கிவிட்டோம். பூஜைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒவ்வொரு சாமானையும் திறந்து, துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டுப் பொட்டு வையுங்கள். அப்புறம் அதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிப் போட மனம் வராது. மறுக்கிறவர்கள் வரலாம்.

மூணாம் நம்பர் | 14-09-2025, காலை 9:42

மனம் வராது, சரி. மிக்ஸி வருமா? ஓடும்போது உள்ளே நீலமாப் பொறி பறக்குது, கருகின வாடை. இதுக்கு நன்றி சொல்றதா, தண்ணி தெளிக்கிறதா?

ஸ்பானர்12 | 14-09-2025, இரவு 10:05

தண்ணி தெளிச்சிடாதீங்க தம்பி.

பொறி என்றால் பத்துக்கு எட்டு கார்பன் பிரஷ்தான். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஸ்பிரிங்கோடு சேர்ந்த கறுப்புக் கட்டி. ஆறேழு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாது. மோட்டார் தண்டோடு சுற்றுகிற செம்புப் பட்டை உருளையில், அதாவது கம்யூட்டேட்டரில், ஒட்டி நிற்காமல் குதிக்கும், குதிக்கிற இடத்தில் பொறி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றினால் தெரியும்.

ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது என்றாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய பிரஷ்ஷைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அகலமோ கனமோ அரை மில்லிமீட்டர் மாறினால் ஹோல்டரில் சிக்கும், இல்லை ஆடும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, தூசியை ஊதிவிடுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து கரண்டைக் கடத்தும். போட்டு முடித்ததும் ஜார் வைக்காமல் முதல் வேகத்தில் ஒரு நிமிஷம், நிறுத்தி இன்னொரு நிமிஷம் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பொறி வரும், பிரஷ் படிந்ததும் அடங்கும். அடங்காமல் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் கோளாறு ஆர்மேச்சரில், அதாவது கம்பி சுற்றின சுழலும் பாகத்தில். அப்போது கம்பியை மறுபடி சுற்றுகிற ரீவைண்டிங் கூலியையும் புது மிக்ஸி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இன்னொன்று. அரைக்கும்போது திடீரென்று நின்றுபோனால் உடனே ‘செத்துப்போச்சு’ என்று கடைக்கு ஓடுகிறார்கள். அடியில் சிவப்பு பட்டன் இருக்கும், ஓவர்லோடு. பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்குங்கள். புது மிக்ஸி வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டனுக்காக வாங்கினார்களோ.

பேரீச்சம்பழம் | 15-09-2025

எக்ஸ்சேஞ்ச் மேளா என்பது பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்தான், ஏசி போட்ட கடையில். அந்தக் காலத்து வண்டிக்காரர் பழமாவது கையில் கொடுத்தார்.

கணக்கு எளிது. பழைய சாமானைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அதை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் எக்ஸ்சேஞ்ச் விலை கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய மிக்ஸிக்கு அவர்கள் போட்ட மதிப்பு. பல தடவை அது உள்ளே இருக்கிற செம்புக் கம்பியின் காயலான் கடை விலைகூடத் தேறாது.

கல்லுரல் | 15-09-2025

ஸ்பானர் அண்ணே, அருமை. நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய படி. முதலில் ஒரு முழுத்தாளில் இருப்புப் பட்டியல் போடுங்கள். சாமான் பெயர், வாங்கிய வருஷம், கடைசியாக என்ன மாற்றினோம், இப்போது என்ன குறை. நான்கே பத்தி போதும். சமையலறை, கூடம், பரண் என்று இடவாரியாக எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் பரண் விட்டுப்போகும். பரணில்தான் பாதிச் சொத்து. இரண்டாவது இட்லிக் குண்டான், அரிவாள்மணை, பிரிக்காத கல்யாணப் பரிசு ஹாட்பாக்ஸ் எல்லாம் அங்கே இருக்கும்.

‘குறை’ பத்தியைக் கவனியுங்கள். முக்கால்வாசிக் குறை கைக்காசில் தீர்கிறதாக இருக்கும். கேஸ்கெட், கைப்பிடி ஸ்க்ரூ, பெல்ட், புஷ். ஒரு குறையும் எழுத முடியாமல், ஆனாலும் மாற்ற ஆசையாக இருக்கிற சாமான் ஒன்றிரண்டு மாட்டும். ஆசை எது, தேவை எது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

செவ்வந்தி | 16-09-2025

ஒரு எதிர்க்கட்சி வேண்டுமே, நான் வருகிறேன்.

இந்தப் ‘போதும்’ பேச்சை யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தச் சாமானைத் தினமும் கையாளாத ஆள். ஜார் மூடி ஒழுகுகிறது, ஒரு கையால் அமுக்கிக்கொண்டே அரைக்க வேண்டியிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ‘நன்றாகத்தானே ஓடுகிறது’. பட்டியலில் ‘குறை’ பத்தியை அந்தச் சாமானைப் புழங்குகிறவர்தான் எழுத வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

இரண்டாவது, எல்லாப் பழசும் சிக்கனம் ஆகாது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 35க்குள். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 175 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 875 ரூபாய். ஃபேன் 2,600 என்றால் மூன்று வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். நாள் பூராவும் ஓடுகிற கூடத்து ஃபேனை மாற்றுவதில் பேராசை ஒன்றும் கிடையாது.

ஸ்பானர்12 | 16-09-2025

அக்கா சொன்ன கணக்கு சரி, கூடத்துக்கு. விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையில் தினம் ஒரு மணி நேரம் என்று போட்டால் வருஷத்துக்கு 15 யூனிட்கூட மிஞ்சாது. அங்கே பழசே இருக்கட்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிறிய குடும்பத்துக்கு மிச்சம் இன்னும் குறையும்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கப்பாசிட்டர். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், உடம்பிலேயே எழுதியிருக்கும், சில ஃபேனில் 3.15. காலப்போக்கில் அளவு இறங்கி 1.8, 1.5 என்று வரும்போது வேகம் குறைகிறது. மெயினை ஆஃப் செய்து, கழற்றுமுன் இரண்டு ஒயர் முனையையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டு மிச்சச் சார்ஜை இறக்கிவிட்டு, அதே அளவுள்ளதைப் போடுங்கள். ‘பெரிசாப் போட்டா வேகமா சுத்தும்’ என்று 4 மைக்ரோஃபாரட் போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் வேகமாகச் சுற்றும், காயில் சூடேறிப் பிறகு நிரந்தரமாக நிற்கும்.

தடதடவென்று ஆடினால் இறக்கையைக் கழற்றி, மேல்பக்கத் தூசியைத் துடைத்து மாட்டிவிட்டு, ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஆட்டம் அங்கேதான். ர்ர்ர் என்று சத்தம் வந்தால் பேரிங். வீட்டு ஃபேனில் பெரும்பாலும் 6201, 6202 நம்பர்தான் இருக்கும், பழசைக் காட்டி வாங்குங்கள்.

2011-ல் வந்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இன்னும் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. அதில் மந்திரம் ஒன்றுமில்லை, உதிரி பாகம் தெருமுனையில் கிடைக்கிறது.

வெண்கலப்பானை | 18-09-2025

பரண் என்றதும் பித்தளைப் பாத்திரத்தை யாரும் சொல்லவில்லையே. எடைக்குப் போட்டுவிட்டு ‘பாரம்பரிய பித்தளை’ என்று ஆன்லைனில் புதிதாக வாங்குவதுதான் இப்போதைய நாகரிகம்.

ஈயம் பூசினால் பழசே போதும். உள்பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயக் குச்சியைத் தேய்த்து, பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார்கள். நவச்சாரம்தான் பித்தளை மேலுள்ள களிம்பை எடுத்து ஈயத்தை ஒட்ட வைக்கிறது. அது கிளப்புகிற வெள்ளைப் புகை நெஞ்சைப் பிடிக்கும், வீட்டுக்குள் வைத்துச் செய்கிற வேலை அல்ல. கேட்க வேண்டிய ஒரே கேள்வி, குச்சி சுத்த வெள்ளீயமா என்பது. பற்றவைக்கிற சால்டர் குச்சியில் காரீயம் கலந்திருக்கும், அது உடம்புக்கு விஷம். தெரிந்த ஆளிடம், நேரில் நின்று பூசுங்கள்.

பூசின பிறகு கெடுப்பது இரண்டு. ஒன்று, கம்பி நார். இன்னொன்று, வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீரோ எண்ணெயோ விட்ட பிறகுதான் தீ. பூச்சு போய் மஞ்சள் தெரிகிற இடத்தில் புளிக்குழம்பு, ரசம், மோர் வைத்தால் களிம்பேறும்.

கல்லுரல் | 19-09-2025

செவ்வந்தி அக்காவின் முதல் பாயிண்ட் என் பட்டியலை நன்றாகவே திருத்துகிறது. இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாம்: ‘யார் புழங்குவது’.

அவர் சொல்லாத ஒன்றும் உண்டு. நன்றி, நிறைவு என்று சொல்லிக்கொண்டு வைத்திருக்கவே கூடாத சாமான்கள் இருக்கின்றன. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய், சுரக்ஷா டியூப், ஐந்து வருஷம்தான். அதன் மேலேயே தேதி அச்சடித்திருக்கும். வெளியே நன்றாகத்தான் தெரியும், வளைத்துப் பார்த்தால் வெடிப்பு காட்டும். கீழே விழுந்து அடி வாங்கின ஹெல்மெட், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. அடி புடைத்த குக்கர், அதற்கு மறுவாழ்வு கிடையாது.

புடைக்காத குக்கர் என்றால் தாராளமாகக் காப்பாற்றலாம். பக்கவாட்டில் ஆவி கசிந்தால் கேஸ்கெட். ஃப்ரீஸரில் வைத்தால் இறுகும் என்பார்கள், அன்றைய சமையலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். விசில் வராமல் இழுத்தால் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் ஊசி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பருப்பு நுரைதான் அடைக்கும், அதனால் பருப்புக்கு அரைப் பாத்திரத்துக்கு மேல் கூடாது. சேஃப்டி வால்வு உருகிவிட்டால் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். அது தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அதே கம்பெனி வால்வுதான் போட வேண்டும், எம்சீல் வைத்து அடைப்பது வெடிகுண்டு தயாரிப்பது.

மூணாம் நம்பர் | 19-09-2025

கேஸ் டியூப் பார்த்தேன். 2017. மாத்த ஆள் வர்றார்.

தையல்கடை | 22-09-2025

கொலு வைக்கிற அவசரத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூஜைக்குத் துடைக்கிறேன் என்று தையல் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். விட்ட புதிதில் ஓடும், பிறகு பிசினாகி நூல் தூசியோடு சேர்ந்து இறுகும். மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். மிஷின் எண்ணெய், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு, அதற்கு மேல் விட்டால் துணியில்தான் இறங்கும். ஏற்கெனவே இறுகியிருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, துணி இல்லாமல் ஓட்டி, வழிகிற அழுக்கைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய்.

பல் தட்டைக் கழற்றி அடியிலுள்ள பஞ்சை பிரஷ்ஷால் எடுங்கள், ஊதாதீர்கள், உள்ளே போய் உட்காரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் மிஷினைக் குறை சொல்லுமுன் ஊசியை மாற்றுங்கள். சாதாரண காட்டன் துணிக்கு 14 அல்லது 16 நம்பர். கால் மிஷினில் தோல் பெல்ட் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கொக்கி போட்டால் போதும், புது பெல்ட் வேண்டாம்.

நல்லூரான் | 23-09-2025

எங்கட பக்கம் நவராத்திரிக்குப் பள்ளிக்கூடங்களில வாணி விழா எண்டு செய்வினம். புத்தகம், பேனை எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால வச்சிட்டு அண்டைக்குப் படிக்காமல் இருக்கிறது பெடியளுக்குப் பெரிய சந்தோசம். நன்றியோ லீவோ எண்டு கேக்கக் கூடாது.

சுவடி | 24-09-2025

நல்லூரான் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூஜை நாளில் கருவியைத் தொடக்கூடாது என்கிற வழக்கம்தான் மொத்தத்தில் முக்கியமான பாகம் என்று எனக்குப் படுகிறது. மிக்ஸி பூஜையில் இருக்கும் அன்று சட்னிக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான் மிக்ஸி கண்ணில் படுகிறது. 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் இதையே சோதித்தார்கள். வாழ்க்கையில் நடந்த ஒரு நல்லது நடக்காமலே போயிருந்தால் எப்படி என்று எழுதியவர்களுக்கு, அது நடந்ததைப் பற்றி எழுதியவர்களைவிட மனம் அதிகம் நிறைந்தது.

கல்லுரல் நோட்டுப் புத்தகத்தை ஒரே போடாகத் தள்ளியதும் நியாயமில்லை. 2003-ல் வெளியான எம்மன்ஸ், மெக்கல்லக் ஆய்வில் வாரம் ஒரு தடவை ஐந்து விஷயம் வரை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட நன்றிக்குரியதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை மேலாக மதிப்பிட்டார்கள். கெடுவது எங்கே என்றால், தினமும் ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று ஒரே மூன்று வார்த்தையை எழுதுவதில். வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று, பொதுப்பெயர் இல்லாமல் எழுதினால் பயன் உண்டு. ‘ஃபேன்’ என்று எழுதாதீர்கள். ‘வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் வந்ததும் சுற்றின ஃபேன்’ என்று எழுதுங்கள்.

ஜப்பானில் ‘ஹரி குயோ’ என்று ஒரு சடங்கு உண்டு. தோக்கியோ பக்கம் பிப்ரவரி 8, கியோத்தோ பக்கம் டிசம்பர் 8. அந்த வருஷம் உடைந்த, வளைந்த தையல் ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மெத்தென்ற டோஃபுவில் குத்தி வைத்துவிடுகிறார்கள். இத்தனை நாள் கெட்டித் துணியில் ஏறி இறங்கியதற்கு ஓய்வு. நாம் ஓடுகிற கருவிக்குப் பொட்டு வைக்கிறோம், அவர்கள் ஓடி முடிந்ததற்குச் செய்கிறார்கள்.

பேரீச்சம்பழம் | 24-09-2025

டோஃபுவுக்கு யார் நன்றி சொல்வது?

செவ்வந்தி | 26-09-2025

எல்லோரும் சாமானுக்கு நன்றி சொல்கிறீர்கள். பிரஷ் மாற்றிக் கொடுக்கிற மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறீர்கள். புது மிக்ஸிக்கு பில் போட்டதைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர், அரை மணி நேரக் கூலிக்கு முகம் சுளிக்கிறார். இப்படியே போனால் தெருமுனைக் கடை மூடும், அப்புறம் வேண்டாம் என்றாலும் புதுசுதான். கூலியைக் கேட்டதைக் கொடுங்கள், பூஜைப் பொரியும் கொடுங்கள்.

ஸ்பானர்12 | 29-09-2025

பொட்டு வைப்பதற்கு வருவோம். வருஷா வருஷம் பூஜைக்கு அடுத்த நாள் ரிப்பேருக்கு வருகிற சாமான் உண்டு, காரணம் பூஜையேதான்.

மிக்ஸி, டிவி, லேப்டாப் காற்றுத் துவாரத்தின் மேல் சந்தனம் வேண்டாம், காய்ந்து உதிர்ந்து உள்ளே போகும். ஸ்விட்ச் போர்டில் ஈரச் சந்தனம் கூடவே கூடாது, வைத்தே ஆக வேண்டுமென்றால் போர்டுக்கு மேலே சுவரில். வெள்ளை பிளாஸ்டிக்கில் குங்குமம் கறையாகத் தங்கும், ஒரு செலோடேப் துண்டு ஒட்டி அதன் மேல் வையுங்கள். அரிவாள், கத்தி, சுத்தியலில் ஈரச் சந்தனம் மறுநாள் துருப்புள்ளியாகும். விஜயதசமி காலையில் எடுத்ததும் நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக ஆகும், தையல்கடைக்காரர் அனுமதிப்பார். பைக் பிரேக் டிஸ்க்கில் எண்ணெயோ சந்தனமோ படவே கூடாது, பிரேக் வழுக்கும். பூசணிக்காயை நடுரோட்டில் உடைப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. பின்னால் டூவீலரில் வருகிறவனுக்கும் வீட்டில் பூஜை இருக்கும்.

மூணாம் நம்பர் | 03-10-2025

பிரஷ் மாத்தியாச்சு, பொறி அடங்கிடுச்சு. இப்ப பெரிய ஜாருக்கு அடியில கறுப்புத் தண்ணி வடியுது. எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸ் இன்னும் குப்பையில போடலை, சொல்லிட்டேன்.

ஸ்பானர்12 | 03-10-2025

ஜாரில் பிளேடு தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருக்கிறது. பிளேடு தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் உறுதி. புஷ், தண்டு, வாஷர் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த தண்டில் புது புஷ் போட்டால் சீக்கிரமே மறுபடி வடியும். அதுவரை அந்த ஜாரில் அரைக்க வேண்டாம், கசிவு, ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கும். மாற்ற முடியாத ரகம் என்றால் ஜார் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

கப்ளர் பல்லும் தேய்ந்திருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். மோட்டார் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் திருப்பினால் கழலும். எதிர்த்திசையில் திருப்பினால் இன்னும் இறுகும், அங்கேதான் எல்லோரும் உடைக்கிறார்கள்.

கல்லுரல் | 16-10-2025

தீபாவளிக்கு நாலு நாள். அதிரசத்துக்கு மாவு இடிக்கலாமா என்று யாரும் இங்கே கேட்க மாட்டீர்கள், தெரியும். கிரைண்டரை மட்டும் பார்த்துவிடலாம். உளுந்து அரைக்க முன்னைவிட நேரம் எடுத்து, மாவும் சூடானால் கல் வழவழத்துவிட்டது. கொத்துபவர் தெருவில் வந்தால் குழவி, அடிக்கல் இரண்டையும் கொத்தச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் கொத்தினால் சீராக அரையாது. கொத்திய பின் இரண்டு கைப்பிடி பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டுங்கள், மறுபடியும் ஒரு தடவை. விரலில் மாவைத் தேய்த்துப் பார்த்து நறநறப்பு இல்லை என்றால் சமையலுக்கு விடலாம்.

செவ்வந்தி | 16-10-2025

மாவு சூடானால் கொத்துவதற்கு முன்னால் பெல்ட்டையும் பாருங்கள். பெல்ட் வழுக்கி டிரம் மெதுவாகச் சுற்றினாலும் அரைக்க நேரம் இழுக்கும், நேரம் இழுத்தால் சூடேறும். டிரம் கழுவுகிற தண்ணீர் கீழே இறங்கி பெல்ட்டை நனைத்திருக்கும், துடைத்துக் காயவைத்தால் பல தடவை அதுவே போதும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து போகிற கொத்துக்காரர் வரவில்லை என்றால் அதற்குள் அவசரப்பட வேண்டாம், மாவு அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளித்து ஓட்டுங்கள்.